கேட்பதற்கு ஒரு படிப்பு

கேள்வி: எதிரில் இருப்பவர் பேச, தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கவா மருத்துவ உளவியலாளருக்கு இத்தனை ஆண்டுப் படிப்பு?

பதில்: பேசக் கற்பதைவிடக் கேட்கக் கற்பதற்கே அதிக ஆண்டுகள் பிடிக்கும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸின் (1902–1987) வாழ்க்கை சான்று. வேளாண்மையில் தொடங்கி, இறையியல் கல்லூரி வழியாக உளவியலுக்கு வந்து, 1931-இல் கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்ற அவர், ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகளுக்கான நிலையத்தில் பணிபுரிந்தபோது, அடங்காத சிறுவன் ஒருவனின் தாய்க்கு, மகனின் போக்குக்குத் தாயாகிய அவரது புறக்கணிப்பே காரணம் என்று பல அமர்வுகளில் பொறுமையாக விளக்கியும் பயனின்றிப் போயிற்று. இருவரும் முயற்சியைக் கைவிட்டுக் கைகுலுக்கிய பின், கதவருகே திரும்பிய அத்தாய், பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டு, மீண்டும் அமர்ந்து தம் மணவாழ்வின் துயரத்தைக் கொட்டினார். விளக்கங்களால் திறவாத வழி அப்போதுதான் திறந்தது. வலிக்கும் இடத்தை அறிந்தவர் வந்தவரே என்ற இந்தப் பாடத்திலிருந்தே, பிறர் உலகை அவர் கண்கொண்டு காணும் ஒத்துணர்வும், எந்நிலையிலும் அவரை மதிக்கும் நிபந்தனையற்ற ஏற்பும் சிகிச்சையின் அடிப்படைகள் என்னும் ரோஜர்ஸின் கொள்கை வளர்ந்தது. இது வெறும் நல்லெண்ணமன்று, சோதிக்கத்தக்க கருதுகோள். ஆகவேதான் அமர்வுகளை ஒலிப்பதிவு செய்து, ஒரு சிகிச்சையின் எட்டு அமர்வுகளையும் சொல்லுக்குச் சொல் 1942-இல் அச்சிட்டார். ஆலோசகர் எங்கே குறுக்கிட்டார் என்பதை மாணவர்கள் வரிவரியாகக் காண முடிந்தது.