திருவிழாச் சித்தப்பா

கொடைக்கானலில் மே மாதம் கோடை விழா நடக்கும். அமைச்சர் வந்து நாடா வெட்டுவார். மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி எல்லாம் உண்டு. அதே மாதத்தில் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவிலுள்ள வானம் பார்த்த பூமியில் மலர்க் கண்காட்சி வைத்தால், வேப்பம்பூவும் சீமைக்கருவேலம்பூவும்தான் பரிசுக்குப் போட்டியிடும். நாய்கள் மண்டபத்து நிழலை விட்டு எழுந்து வராது. படகு விடலாமென்றால் குண்டாற்றில் மணல்தான் இருக்கிறது. அதுவும் குறைந்துகொண்டு வருகிறது.

ஆனாலும் பங்குனி பிறந்தால் எங்கள் பக்கம் விழா இல்லாத வாரம் கிடையாது. எந்த ஊரில் என்றைக்குப் பொங்கல், எந்தச் சாலையில் மாட்டு வண்டிப் பந்தயம், எங்கே விடிய விடிய நாடகம் என்பதற்கெல்லாம் சுற்றுலாத் துறையில் கையேடு கிடையாது. அந்த விவரம் முழுவதும் குடும்பத்துக்கு ஒருவர் வீதம் சிலருடைய மண்டைக்குள் இருக்கிறது. பெற்றவர்கள் என்ன பெயர் வைத்திருந்தாலும் அவருக்குப் பட்டம் ஒன்றுதான்: திருவிழாச் சித்தப்பா.

அவர் சித்தப்பாவாகத்தான் இருக்க முடியும். பெரியப்பாவுக்குக் கடை, சீட்டு, ரத்த அழுத்தம் என்று மூன்று பொறுப்புகள். தாய்மாமன் போகிற இடமெல்லாம் மரியாதை எதிர்பார்ப்பவர். சாமிக்கு மாலை போட்டு முடிவதற்குள் தனக்கு வரவில்லையே என்று முகம் சுருங்கிவிடும். சித்தப்பாவுக்கு மாலையும் வேண்டாம், முன்வரிசையும் வேண்டாம். போக வேண்டும், அவ்வளவுதான்.

மற்ற மாதங்களில் அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. விசைத்தறியில் வேலை. கல்யாணப் பேச்சு, பத்திரப் பதிவு, பாகப்பிரிவினை எதிலும் அவர் கருத்தைக் கேட்க மாட்டார்கள். கூடத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர் திண்ணையில் உட்கார்ந்து பல் குத்துவார். பங்குனி பிறந்ததும் தறி நிற்கும், சித்தப்பா ஓட ஆரம்பிப்பார். பெரியப்பாவே திண்ணைக்கு இறங்கி வருவார்.

“ஏப்பா, பாலவநத்தத்துல என்னைக்குப் பொங்கல்?”

சித்தப்பா துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்வார்.

“இன்னும் சாட்டலண்ணே. ஊர்க்கூட்டம் போட்டாகளாம், வரிக்கணக்குல ஒரு சின்னத் தகராறு. இந்தச் செவ்வாய் சாட்டுனா அடுத்த செவ்வாய் பொங்கல்.”

இந்த ஒரு பதிலில் மூன்று நாள் களப்பணி அடங்கியிருக்கிறது. தலைக்கட்டு வரி எவ்வளவு, யார் கட்டவில்லை, போன வருசக் கணக்கில் துண்டு விழுந்தது எப்படி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த ஊரில் அவருக்கு ஒரு செண்டு நிலம் கிடையாது.

அவருடைய ஆண்டுத் திட்டம் உறுதியானது. பங்குனியில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பொங்கல், அதையொட்டிய பொருட்காட்சி. உள்ளூரில் புளியம்பட்டி முத்துமாரியம்மன் பொங்கல். அக்கினிச்சட்டி, பூக்குழி எதையும் தவறவிடக் கூடாது. சித்ரா பௌர்ணமிக்கு அழகர் மதுரையில் வைகையில் இறங்குகிறார், பரமக்குடியிலும் இறங்குகிறார். எங்கே போவது என்பதை அந்த வருசம் எந்த ஊர்ச் சொந்தக்காரரோடு சண்டை இல்லை என்பதைப் பார்த்து முடிவு செய்வார். பிறகு வைகாசி வரைக்கும் காளியம்மன், கருப்பசாமி, அய்யனார் என்று கிராமம் கிராமமாகப் போகும். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி. அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு வந்தால் சீசன் முடிந்தது என்று பொருள். மறுநாள் மறுபடி திண்ணை.

பங்குனிப் பொங்கலும் பள்ளிக்கூடத்து முழுப்பரீட்சையும் வருசம் தவறாமல் மோதிக்கொள்ளும். வீட்டில் பிள்ளை கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலறும். தாய்மார்கள் சித்தப்பாவிடம்தான் முறையிடுவார்கள். “ஆத்தா பாத்துக்குவா மதினி” என்பார். ஆத்தா எந்தப் பாடத்தைப் பார்த்துக்கொள்வாள் என்று இதுவரை தெளிவுபடுத்தியதில்லை. அவருடைய சொந்த மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் எதையும் பார்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

திருவிழா நோட்டீஸை அவர் படிக்கிற விதமே தனி. மஞ்சளும் ரோஸுமாக, தெருக்கதவு அகலத்துக்கு அச்சடித்திருப்பார்கள். நாமெல்லாம் மேலே பிள்ளையார் படத்தில் தொடங்குவோம். சித்தப்பா கீழிருந்து மேலே ஏறுவார். முதலில் அன்னதானம் எத்தனை மணிக்கு, யார் உபயம். உபயதாரர் யாரென்று தெரிந்தால் சாம்பார் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். அடுத்தது கலைநிகழ்ச்சி: ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், ஆர்மோனியம் யார். அதற்கும் மேலே விழாக் கமிட்டிப் பெயர்கள். போன வருசம் மூன்றாவதாக இருந்த பெயர் இந்த வருசம் ஏழாவதாக இறங்கியிருந்தால், “பொங்கலன்னைக்குச் சாயந்திரம் ஒரு சத்தம் வரும், பிள்ளைகள மேக்குப் பக்கமா உக்கார வைக்கணும்” என்பார். அவர் சொன்ன சத்தம் வராமல் போனதில்லை. சாமி பெயரை மட்டும் கடைசியில்தான் பார்ப்பார். அது எப்படியும் மாறப்போவதில்லை.

சென்னையில் வேலை பார்க்கிற என் பெரியப்பா மகனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒவ்வொரு பங்குனியிலும் போனில் ஒரு தர்க்கம் நடக்கும். சிலம்பு எக்ஸ்பிரஸில் அருப்புக்கோட்டைக்கு இடம் பிடிக்க வேண்டுமென்றால் 60 நாளைக்கு முன்னால் முன்பதிவு தொடங்கியதும் போட்டுவிட வேண்டும். இவரோ, “ஆத்தா எட்டு நாளைக்கு முன்னாலதான்டா தேதி சொல்லுவா” என்பார்.

“சித்தப்பா, உத்தேசமா ஒரு தேதி சொல்லுங்க.”

“நான் உத்தேசமாச் சொல்லி, அவ நெசமா வேற சொல்லிட்டா?”

கடைசியில் அவன் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்வான். ரயில்வே வாரியமும் மாரியம்மனும் இன்னும் உடன்பாட்டுக்கு வரவில்லை.

இத்தனை வெயிலில் எதற்குத் திருவிழா என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். கத்திரி வெயில் கொளுத்துகிற நேரம்; நீர்மோர்ப் பந்தலில் நின்றிருந்தோம்.

“ஐப்பசியில வையி பாப்போம். மழை பெஞ்சா விதைக்கப் போயிருவான். விதைச்சா களையெடுக்கப் போயிருவான். தை மாசியில பருத்தி, சோளம், மல்லி வீடு வந்து சேரும். பங்குனியிலதான் மனுசன் சும்மா இருக்கான், மடியில நாலு காசும் இருக்கு. சும்மா இருக்கிறவனும் காசும் ஒண்ணாச் சேந்தா ஒண்ணு சண்டை நடக்கும், இல்லாட்டித் திருவிழா நடக்கும்.”

“நம்ம ஊர்ல?”

“ரெண்டும் நடக்கும்.”

வடகிழக்குப் பருவமழையை நம்பிய கரிசல் வேளாண்மையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. மாரியம்மனிடம் பங்குனியிலேயே மழைக்குச் சொல்லி வைப்பதும் அவர் கணக்கில் சேர்த்திதான். “மனு கொடுத்தா மூவாகிறதுக்கு ஆறு மாசம் ஆகும்ல” என்பார்.

பயணத்துக்கு அவர் நம்புவது நகரப் பேருந்தை. 2021 முதல் அதில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே பாட்டி, அத்தை, சித்தி, மதினி எல்லாரையும் கூசாமல் கூட்டிவருவார். ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் கிடையாது. பேருந்தில் ஏறியதும் எங்கள் வீட்டுப் பையன்கள் அத்தனை பேருக்கும் ஐந்து வயது ஆகிவிடும்.

“இவனுக்கு அஞ்சு வயசா? மீசை அரும்புது அண்ணாச்சி!” என்பார் நடத்துநர்.

“அது கரிசக்காட்டுப் புழுதி தம்பி” என்பார் சித்தப்பா, பையனின் மேலுதட்டைத் துண்டால் துடைத்தபடி. கடைசியில் முழு டிக்கெட்டும் எடுத்துவிடுவார். ஆனால் இந்தச் சடங்கு நடந்தாக வேண்டும்.

திருச்சுழி வழியாகப் போனால் ஒரு சொற்பொழிவு இலவசம். பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் சூலத்தால் குத்திப் பூமிக்குள் சுழித்து இறக்கிவிட்ட தலம் அது. திருமேனிநாதர் கோபுரம் கண்ணில் பட்டதும் சித்தப்பா கன்னத்தில் போட்டுக்கொள்வார். “அம்புட்டு வெள்ளத்தையும் உள்ள அனுப்பிட்டாரு. நம்மாளுக ஆயிரம் அடி போர் போட்டுத் தேடுறாக, இன்னும் கெடைக்கல.” அடுத்தது ரமண மகரிஷி. 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசனத்து இரவில், அந்தக் கோயிலை ஒட்டிய வீட்டில் பிறந்தவர். அதிலிருந்து சித்தப்பா எடுக்கிற பாடம் வேறு: “உலகத்துக்கே ஞானம் சொன்னவரு. சாமி வீதி சுத்துன ராத்திரியாப் பாத்துப் பெறந்தாருல்ல? திருவிழான்னா லேசா?” எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டையில் நின்று ஜெயித்து முதலமைச்சரான 1977-கூட அவர் நினைவில் தேர்தல் வருசம் இல்லை. வைகாசிப் பொங்கல்களில் பாட்டெல்லாம் ஒரே ஆள் பாட்டாக ஓடிய வருசம்.

ஊருக்குள் இறங்கியதும் அவருடைய உண்மையான திறமை தெரியும். எந்தக் கிராமத்திலும் நமக்கு நான்கு வீட்டுச் சொந்தம் இருக்கும். ஒரு வீட்டில் சாப்பிட்டு மற்ற மூன்று வீட்டில் சாப்பிடாமல் வந்தால் அடுத்த கல்யாணத்தில் பேச்சு இருக்காது. சித்தப்பா வேப்பமரத்தடியில் நின்று படையைப் பிரிப்பார். “நீங்க மூணு பேரும் பெரியத்தை வீடு. கறி வைப்பாக, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கணும். நீங்க ரெண்டு பேரும் மாமா வீடு. மாவிளக்குக் குடுத்தா வேணாம்னு சொல்லக் கூடாது. பாட்டி, நீங்க மேலத் தெரு. பழைய கோவத்த இன்னைக்கு எடுக்காதீக.” இவர் மட்டும் நான்கு வீட்டிலும் தலைகாட்டி, நான்கு இலையிலும் கை நனைத்து, “எப்ப வந்தீக? பிள்ளைக எத்தன?” என்ற அதே கேள்விக்கு நான்கு முறை அதே பதிலைப் புதிதாகச் சொல்லுவார். எங்கள் வீட்டில் பலருக்கு, பரளச்சியில் தமக்கு ஒரு அத்தை இருப்பதே இவர் கைகாட்டிய பிறகுதான் தெரியும். பத்திரம் பதிவதில் அவரைக் கேட்காதவர்கள், பொண்ணு பார்க்கப் போகுமுன் “அந்த வீட்டுக்கு நமக்கு என்ன முறை?” என்று அவரைத்தான் கேட்டாக வேண்டியிருக்கிறது.

இப்படி நின்று நின்று பேசுவதால் எங்கள் குடும்பத்தில் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் தொலைவதில்லை, சித்தப்பாதான் தொலைவார். பிள்ளைகளே மேடைக்குப் போய்ச் சொல்ல, ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும்: “அருப்புக்கோட்டையிலிருந்து வந்திருக்கும், கட்டம் போட்ட சட்டையும் பச்சைத் துண்டும் அணிந்த சித்தப்பா எங்கிருந்தாலும் விழா மேடைக்கு வரவும். குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.” அவர் பந்தயம் நடக்கும் சாலையோரம் நின்று, பெரிய மாடு ஓடி முடிந்ததா, பூஞ்சிட்டு மாடு எப்போது என்று விசாரித்துக்கொண்டிருப்பார். ஓடுகிற காளை எந்த ஊர், போன வருசம் யாரிடம் இருந்தது, என்ன விலைக்குக் கைமாறியது எல்லாம் சொல்லுவார். சொந்த மகன் என்ன படிக்கிறான் என்று கேட்டால், “எட்டா ஒம்பதா” என்று சித்தியைப் பார்ப்பார்.

செலவில் அவர் கறார். பொருட்காட்சியில் கொலம்பஸ், டோரா டோரா, மரணக்கிணறு என்று பிள்ளைகள் இழுக்க, “மொதல்ல எல்லாத்தையும் சுத்திப் பாப்போம்” என்று அரை மணி நேரம் நடக்க வைப்பார். பாதிப் பேருக்குக் கால் வலித்து ஆசை போய்விடும். மீதிப் பேருக்கு ராட்டினம். கடைசியில் டெல்லி அப்பளம் ஒன்றே ஒன்று வாங்குவார். முறம் அகலத்துக்கு இருக்கும். மிளகாய்ப்பொடி தூவிய பக்கத்தைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, விளிம்பிலிருந்து உடைத்து உடைத்துக் கொடுப்பார். யாருக்குப் பெரிய துண்டு என்ற சண்டை முடிவதற்குள் அப்பளம் முடிந்துவிடும்.

பிறகு நாடகம். வள்ளி திருமணம் விடிய விடிய நடப்பதற்குக் கலைத்தாகம்தான் காரணம் என்று நினைப்பவர்கள், எங்கள் பக்கம் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அறியாதவர்கள். பத்து மணிக்கு மேல் ஊருக்குப் போக வழியில்லை. பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரே தார்ப்பாயில் உட்கார வேண்டியதுதான். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்து முடிப்பதற்கும் முதல் வண்டி வருவதற்கும் சரியாக இருக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாதையில் ராஜபார்ட் ஒழுங்காகத்தான் போவார். பபூன்தான் சிக்கல். அவர் வாயைத் திறந்தால் பாதிக்கு இரண்டு அர்த்தம். அங்கேதான் சித்தப்பாவின் குடும்பப் பொறுப்பு வெளிப்படும். வசனங்கள் மனப்பாடம் ஆகையால், விவகாரமான சொல் வரும் கணத்தில் சரியாகப் பெருங்குரலில் இருமுவார். பிள்ளைகளுக்குச் சொல் கேட்காது. ஆனால் இருமல் வந்தால் அங்கே ஏதோ இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்துபோயிற்று. இப்போதெல்லாம் அவர் இருமினால்தான் சிரிக்கிறார்கள். ஒருமுறை அவருக்கு நிஜமாகவே சளி பிடித்திருந்தது. முருகன் கண்ணீர் விட்டுப் பாடுகிற இடத்தில் எங்கள் தார்ப்பாய் முழுவதும் குலுங்கிச் சிரித்தது.

காலையில் பேருந்தில் ஏற்றும்போது தலை எண்ணுவார். பெரும்பாலும் ஒன்று கூடுதலாக இருக்கும். அத்தை வீட்டுப் பையன் எவனாவது விளையாட்டு ருசியில் கூடவே ஏறியிருப்பான். “சரி, இருக்கட்டும். அடுத்த வாரம் கல்லூரணிப் பொங்கலுக்குப் போறப்ப எறக்கி விட்டுக்கலாம்” என்பார். குறைந்தால்தானே கவலை.

இந்தப் பதவிக்கு இனி ஆள் கிடைக்காது, நோட்டீஸெல்லாம் போனிலேயே வந்துவிடுகிறது என்று நினைத்திருந்தேன். என் தம்பி கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறான். இரண்டு வருசமாகப் பங்குனியானால் அவனுக்கு மேலதிகாரியிடம் சொல்ல முடியாத ஏதோ ஒரு உடல் உபாதை வருகிறது. அருப்புக்கோட்டை வந்து இறங்கியதும் தீர்ந்துவிடுகிறது. போன சித்திரையில் எல்லாரும் நாடகத்துக்குப் போயிருந்தோம். பபூன் மைக்கைப் பிடித்துத் தொண்டையைக் கனைத்ததும் தார்ப்பாயின் இரண்டு மூலைகளிலிருந்து இருமல் கேட்டது. ஒன்று சித்தப்பா. இன்னொன்று யாரென்று திரும்பிப் பார்த்த தம்பி மனைவி, என் பக்கம் சாய்ந்து, “போச்சு மச்சான், இனி வருசத்துல மூணு மாசம் இவரு வீடு தங்க மாட்டாரு” என்றாள். அவளுக்குக் கவலை. சித்தப்பாவோ அவசரமாக இருமலை நிறுத்திவிட்டுத் தம்பியைப் பார்த்துத் தலையசைத்தார்: “கொஞ்சம் முந்திட்ட. அடுத்த தடவ அவன் கனைச்சு முடிக்கட்டும்.”