அல்காரிதம் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

பெறுநர்: பரிந்துரை அல்காரிதம் அவர்கள், முகாம்: எல்லார் கைப்பேசியும்.
பொருள்: நீண்ட கட்டுரைகளுக்குக் குடியிருக்க இடம் கோருதல், தொடர்பாக.
பார்வை: 11 (விருப்பம் 2).

எழுத்தின் நீளத்தைச் சொல்லவந்த விஷயமே தீர்மானிக்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டுவந்தது. அந்த அறியாமையைப் போக்கிய பெருமை கைப்பேசியைச் சேரும். ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். அதில் 20-ஐப் பயனர் பெயருக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சிய 140-க்குள், 2006-இல் தொடங்கிய ட்விட்டர் உலகத்தின் கருத்துகளை அடக்கியது. தமிழில் அனுப்பும் குறுஞ்செய்திக்கோ 70-தான். அதிலும் கொக்கிக்கும் புள்ளிக்கும் தனித்தனியே வரி உண்டு: 'தமிழ்' என்பது பள்ளிக்கூடக் கணக்கில் மூன்று எழுத்து, யூனிகோடு கணக்கில் ஐந்து. 2017-இல் ட்விட்டரின் வரம்பு 280 ஆனது. சிந்தனையும் அன்றே இருமடங்கானதா என்பது சமூகத்துக்கே வெளிச்சம்.

இவ்விடத்தில் அல்காரிதத்தின் தரப்பு திருக்குறளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது வழக்கம். ஏழே சீரில் வள்ளுவர் முடித்துவிட்டாரே என்பது வாதம். முடித்தது வள்ளுவர் மட்டும்தான். பழைய உரைகாரர்கள் பதின்மர் என்கிறது மரபு. அவர்களில் ஒருவரான பரிமேலழகரோடு நின்றிருக்க வேண்டிய உரையெழுதும் காரியம் இன்றைய புத்தகக் கண்காட்சி வரை நிற்கவில்லை. ஒரு குறளைப் படிக்கச் சில நொடி போதும். அதற்குள் கட்டிவைத்த யோசனை எத்தனை நாளுடையது என்று காட்டும் கருவி எந்தச் செயலியிலும் இல்லை. '4 நிமிட வாசிப்பு' என்று கட்டுரையின் தலையில் எழுதத் தெரிந்த சமூகத்துக்கு, 'நாலு மாத எழுத்து' என்று பக்கத்தில் போடத் தோன்றாததன் காரணமும் இதுவே.

எழுதுவதற்கும் வெளியிடுவதற்கும் நடுவே ஒரு காலம் இருந்தது. கும்பகோணத்தில் தமிழாசிரியராயிருந்த உ.வே.சாமிநாதையருக்குச் சேலம் இராமசுவாமி முதலியாரின் அறிமுகம் கிடைத்தது 1880-இல். முதலியாரின் தூண்டுதலால் ஐயர் பதிப்பித்த சீவக சிந்தாமணி அச்சேறியது 1887-இல். இடையில் ஏடு தேடியதும், பாடம் ஒப்பிட்டதும், சமண நூல் அறிந்தவர்களிடம் சந்தேகம் கேட்டதுமாக ஏழு வருஷம். சமூகத்தின் ஆட்சி அன்றே இருந்திருந்தால், 'நீங்கள் பதிவிட்டு மூன்று நாளாகிறது, உங்களைப் பின்தொடர்பவர்கள் தேடுகிறார்கள்' என்ற நினைவூட்டல் ஐயரின் மடியில் ஏழு வருஷமும் கிணுகிணுத்திருக்கும். அவரும் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கிடைத்த ஏட்டைப் படம்பிடித்துப் போட்டிருப்பார்.

வாசகருக்கும் அப்படியொரு காலம் இருந்தது. அதற்குப் பெயர் 'தொடரும்'. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் பொன்னியின் செல்வன் வந்தபோது, ஒவ்வொரு வாரமும் அந்தச் சொல்லில் வாசகர் முட்டி நின்றார். அடுத்த இதழ் வரும்வரை வேறு வழியில்லாமல், படித்ததையே திரும்ப யோசித்தார். யோசித்தது போதாமல் வீட்டிலும் திண்ணையிலும் வாதாடினார். 2006-இல் அசா ராஸ்கின் வடிவமைத்த முடிவற்ற ஸ்க்ரோல் இந்தத் தொல்லையை நீக்கிவிட்டது. கிணற்றுக்கு அடியே இல்லாததால் வாளி மேலே வருவதில்லை. பின்னாளில் அவரே அதற்காக வருந்திப் பேசினார். அந்தப் பேச்சும் ஸ்க்ரோலில்தான் கடந்துபோனது.

இணையத்தின் மேலேயே பழிபோடவும் வழியில்லை. ஜெயமோகனின் வெண்முரசு 2014-இல் தொடங்கி 2020 வரை, 26 நாவல்களாக, இணையத்தில்தான் நாளுக்கொரு அத்தியாயம் வந்தது. அன்றன்றைய பங்கு முடிந்ததும் பக்கமும் முடிந்தது. மறுநாள் வரை காத்திருந்து படித்தவர்கள் கைகளிலும் இதே கைப்பேசிகள்தான் இருந்தன.

ஆகவே, ஒவ்வொரு திரையின் அடியிலும் 'தொடரும்' என்ற சொல்லைப் பொருத்தித் தருமாறும், எழுதிக்கொண்டிருப்பவரின் நினைவூட்டல் மணியை, ஏழு வருஷம் முடியாதெனில் ஏழு நாளேனும், நிறுத்திவைக்குமாறும் சமூகத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. கவனம் முழுவதும் சமூகத்திடமே குவிந்து கிடப்பதால், இதற்கென ஒரு சிட்டிகை ஒதுக்குவதில் நட்டமிராது.

இணைப்பு: இல்லை. (லிங்க் என்று நினைத்துத் தட்ட வேண்டாம்.)