கிட்டாருக்குக் கால் முளைத்த கதை
ஹவாயில் பிறந்த ஸ்டீல் கிட்டாருக்கு முதலில் கால் தேவைப்படவில்லை. வாசிப்பவரின் மடி போதும். பிறகு ஒரு கழுத்து போதாதென்று ஆசை வந்தது. ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ரிங்மாஸ்டர் 1950களில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளுடன் வெளிவந்தது. மனிதத் தொடை அந்த அளவுக்கு வளராததால், திருகிக் கழற்றும் உலோகக் கால்கள் கடமையை ஏற்றன.

காலால் மிதித்துச் சுருதியை மாற்றும் பெடல் ஸ்டீலிலோ வேலை இரட்டிப்பு. கருவியை அதன் பெட்டிக்குள்ளேயே குப்புறக் கிடத்தி, நான்கு கால்களையும் மரை பிசகாமல் திருக வேண்டும். முன்னங்கால்களுக்கு இடையே பெடல் சட்டம். பிறகு பெடலைக் கருவியோடு இணைக்க, பெடலுக்கொரு கம்பி. கம்பி இடம் மாறினால் மிதிப்பது ஒன்று, ஒலிப்பது வேறு. எல்லாம் முடிந்ததும் நிமிர்த்த வேண்டும். அப்போது உதவிக்கு ஆள் தேடினால், டிரம்மருக்கு அவசர வேலை வந்திருக்கும்.

இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். தளர்ந்தால் பாட்டின் நடுவே கருவியும் ஆடும். மிஞ்சினால் இரவு கால் கழலாது. கச்சேரி முடிந்து பாடகர் வீடு போய்ச் சேரும் நேரத்தில், ஸ்டீல்காரர் இரண்டாவது கம்பியைக் கழற்றிக்கொண்டிருப்பார்.