இட்லிப்பூக்காரர்

பசுவந்தனை வட்டாரத்தில் தெருவுக்கு ஒருவராவது தென்படும் இனம் இட்லிப்பூக்காரர். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், மாதம் பிறந்தால் பென்ஷன் வரும். பாட்டன், பூட்டன் எல்லாரும் பருத்தியையும் கம்பையும் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள். அந்த வம்சத்தில் ஒரு செடிக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் முதல் ஆள் இவர்தான்.

பேரனுக்குக் கடலைமிட்டாய் வாங்கக் கோவில்பட்டிக்குப் போனவர், நர்சரி வாசலில் சிவப்புக் கொத்தைக் கண்டு மயங்குவார். வினை அங்கே ஆரம்பம். இட்லிப்பூ என்கிற வெட்சி தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய, எக்காலமும் பச்சை மாறாத புதர்ச்செடி. 1753-இல் லின்னேயஸ் இதை இக்ஸோரா என்று பதிந்தார். ஈஸ்வரன் என்ற சொல்லின் திரிபு அது என்பார்கள். பழந்தமிழில் பகைவரின் மாடுகளைக் கவரப் போகிறவர்கள் சூடிய பூ. பசு வணங்கியதால் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் ஊரில் மாடு பிடிப்பவர் பூவை வளர்க்கலாமா என்று யாரும் இதுவரை பஞ்சாயத்து வைத்ததில்லை.

வெட்சிக்கு வேண்டியது சற்றே அமிலத்தன்மையுள்ள, தண்ணீர் தேங்காத மண். இந்த வட்டாரத்துக் கரிசலோ சுண்ணாம்பு கலந்த காரமண். மழையில் செருப்பைப் பிடுங்கும், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதில் இரும்புச்சத்து இருக்கிறது, ஆனால் காரம் அதைக் கரைய விடாது; வேருக்குப் பந்தி விரித்து வாயைக் கட்டிய கதைதான். சில மாதங்களில் தளிர் இலைகள் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

“என்ன அண்ணாச்சி, செடிக்கு மஞ்சக்காமாலையா? கீழாநெல்லிய அரைச்சு ஊத்துங்க” என்பார் பக்கத்து வீட்டுக்காரர்.

உண்மையான மருந்து நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதி. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளிக்க வேண்டும். 5 கிராம் நல்லது என்றால் 15 கிராம் இன்னும் நல்லது என்பது இட்லிப்பூக்காரரின் கணக்கு. மறுநாள் இலை ஓரம் கருகியிருக்கும். அடுத்து மகனின் பைக்கில் சாக்கு சாக்காகச் செம்மண் வரும், தொட்டி வரும், மக்கிய எருவும் வேப்பம்பிண்ணாக்கும் வரும். செடி தேறும். ஆனால் ஊற்றுவது போர் தண்ணீர்; அதிலுள்ள உப்பும் சுண்ணாம்பும் தொட்டியையும் மெல்லக் கரிசலாக்கிவிடும். இது புரிந்த நாளிலிருந்து குடிதண்ணீர்க் குடத்தில் கை வைப்பார்.

“மனுசனுக்கு ரெண்டு குடம், செடிக்கு மூணு குடமா?” என்ற கேள்வி அடுப்படியிலிருந்து வரும். பதில் வராது.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கு ஏற்ற பருத்தியும் சோளமும் எவை என்று 1901 முதல் பார்த்துவருகிறது. இட்லிப்பூக்காரருடையது எதிர்த்துறை: ஏற்காதது எது என்ற ஆராய்ச்சி. அரளி வையுங்கள், நந்தியாவட்டை வையுங்கள், தானே வளரும் என்றால் முகம் சுளிப்பார். நாற்கரச் சாலை நடுவில் லாரிப் புகை குடித்து நிற்கும் அரளியும் ஒரு செடியா?

ஐப்பசி மழையில் தொட்டி நனைந்து உப்பு கழுவப்பட்டதும் இலை பச்சை கட்டும். அந்தப் புண்ணியத்தை அன்னபேதிக்கே வரவு வைப்பார். கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூ முடிந்ததும் நுனியை வெட்டிவிட்டால்தான் பக்கக் கிளை வெடித்து அடுத்த கொத்து வரும். அவருக்குத்தான் மனம் வராது. கத்தரிக்கோலை எடுப்பார், செடியை ஒரு சுற்று வருவார், உள்ளே வைத்துவிடுவார். செடி ஒட்டடைக் கம்புபோல் நெடுநெடுவென்று உயரும்.

ஒரு மத்தியானம் கேட் திறந்து கிடக்கும். அரளியை மோந்துகூடப் பார்க்காத வெள்ளாடு உள்ளே நுழைந்து அத்தனை நுனியையும் கடித்துவிட்டுப் போகும். ஆட்டுக்காரரோடு மூன்று நாள் சண்டை, ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. அதற்குள் கடிபட்ட ஒவ்வொரு நுனிக்குக் கீழும் இரண்டிரண்டு கிளை வெடித்திருக்கும்.