23 டிகிரியில் பிறந்த எண்

கேள்வி: மின்சாரக் காருக்கு நிறுவனம் சொல்லும் தூரம் நார்வேயின் குளிர்காலத்தில் கிடைப்பதில்லையே, அது பொய்க்கணக்கா?

பதில்: பொய்க்கணக்கு அன்று; குளிர்காலமே வராத ஓர் அறைக்குள் போடப்பட்ட கணக்கு. ஐரோப்பாவில் அந்த எண்ணைத் தரும் டபிள்யூ.எல்.டி.பி. என்னும் சோதனைமுறையில், 23 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள ஆய்வுக்கூடத்தில், சுழலும் உருளைகளின்மேல் கார் நிறுத்தப்பட்டு, ஹீட்டர் அணைக்கப்பட்டு, சராசரியாக மணிக்கு 46.5 கி.மீ. வேகத்தில் ஓட்டி அளக்கப்படுகிறது.

பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குவதால் அந்த வீணே பயணிகளுக்குக் கதகதப்பாகிவிடுகிறது. மின்மோட்டாரோ ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை இயக்கமாக மாற்றிவிடுவதால், வீணாக்கத் தெரியாத குற்றத்துக்காக, சூட்டையும் பேட்டரியிலிருந்தே வாங்க வேண்டியதாகிறது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நகர்த் தெருக்களில் செல்லும் கார் ஒரு மணி நேரத்தில் ஓட்டத்துக்குச் சுமார் 4 கிலோவாட்-மணி, அதாவது 1000 வாட் அடுப்பு 4 மணி நேரம் எரிவதற்கான மின்சாரம், செலவிடுகிறது என்றால், கடுங்குளிரில் ஹீட்டரும் அதே அளவைக் கேட்கும்போது தூரம் பாதியாகிவிடும். வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இறைத்து உள்ளே தரும் வெப்பப் பம்பு இருந்தால் இச்செலவு வெகுவாகக் குறையும் என்பதால், குளிர்நாட்டினர் கார் வாங்குமுன் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நெடுஞ்சாலையில் எதிரி வேறு: காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப ஏறுவதால், 90 கி.மீ. வேகத்தை 120 ஆக்கினால் அது ஏறக்குறைய 1.8 மடங்காகிறது.

நார்வேயின் வாகன உரிமையாளர் கூட்டமைப்பு குளிர்காலச் சாலையில் சார்ஜ் தீரும்வரை கார்களை ஓட்டிப் பார்த்து வெளியிடும் எண்ணைப் போன்ற ஒன்றை, ஒவ்வொரு காரின் விலைச்சீட்டிலும் ஆய்வுக்கூட எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடச் சட்டம் வற்புறுத்த வேண்டும்.