வரி முடிவில் ஒரு வேண்டாத விருந்தாளி

கேள்வி: விம் எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்தால் சில வரிகளின் கடைசியில் மட்டும் தொப்பி போட்ட 'எம்' நிற்கிறது. எங்கிருந்து வந்தது?

பதில்: டெலிடைப் காலத்திலிருந்து! அந்த இயந்திரம் அடுத்த வரிக்குப் போக இரண்டு கட்டளை வேண்டும்: அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஆஸ்கி 13 (சிஆர்), தாளை ஒரு வரி நகர்த்த ஆஸ்கி 10 (எல்எஃப்). தாளே இல்லாத விண்டோஸ் இன்னும் இரண்டையும் எழுதுகிறது. லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். இரு முகாமும் ஒரே கோப்பில் கைவைத்தால் கலப்படம்தான். மிஞ்சிய 13-ஐத்தான் விம் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 'எம்' 13-ஆவது எழுத்து, அதனால்தான் அந்தத் தொப்பி 'எம்'.

காட்டிக்கொடுத்ததற்கு விம்முக்கு நன்றி சொல்லுங்கள். கண்ணில் படாமல் ஒளிந்திருந்தால் ஷெல் ஸ்கிரிப்ட் ஓட மறுக்கும், காரணம் தெரியாமல் மண்டை காயும். (நோட்பேட் 2018 வரை லினக்ஸ் கோப்பு முழுவதையும் ஒரே வரியாக ஒட்டிக் காட்டியது. அது இன்னும் பெரிய கொடுமை.)

அந்த 13-ஐ நீக்க, விஎஸ் கோடில் கீழே வலப்பக்கம் 'சிஆர்எல்எஃப்' என்றிருப்பதைச் சொடுக்கி, 'எல்எஃப்' தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். கிட் பயன்படுத்துகிறவர் என்றால், தயவுசெய்து இந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள். மற்ற திருத்தங்களோடு கலந்தால், நீங்கள் உண்மையில் எதை மாற்றினீர்கள் என்று சக ஊழியரால் கண்டுபிடிக்கவே முடியாது.