ஈயின் கட்டுச்சோறு

கேள்வி: புழு கூட்டுக்குள் போய் ஈயாக வருகிறதே, அது தின்று சேர்த்த இரும்பு, துத்தநாகம், செம்பெல்லாம் என்ன ஆகும்?

பதில்: கூட்டுக்குள் சாப்பாடே கிடையாது. புழு கட்டிக்கொண்டு வந்த கட்டுச்சோறுதான் ஈக்கு மூலதனம்! பழ ஈ, 25 டிகிரி வெப்பத்தில் சுமார் 4 நாளில் உடம்பையே பிரித்துக் கட்டிவிடும். இரும்பை ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் பூட்டி வைக்கிறது. துத்தநாகம், நம் சிறுநீரகத்தைப் போல வேலை செய்யும் மால்பிஜியன் குழல்களில் குருணை குருணையாகச் சேர்கிறது. பழைய குடல் கரைந்துபோனாலும் இந்தக் குழல்கள் ஏறக்குறைய அப்படியே ஈக்கு வந்துவிடும். வீடு மாறும்போது பாட்டியின் இரும்புப் பெட்டியை மட்டும் பிரிக்காமல் தூக்கிப் போவோமே, அப்படி!

செம்பைக் கண்ணாலேயே பார்க்கலாம். புழுவின் தோல் கூடாக இறுகும்போது முதலில் பால் வெள்ளை, சில மணி நேரத்தில் பழுப்பு. அந்த நிறமேற்றும் நொதிக்குச் செம்பு வேண்டும். செம்பு போதாவிட்டால் ஈ வெளிறித்தான் வரும்.

கரைந்த குடலின் மிச்சத்தை, வெளியே வந்த ஈ முதல் வேலையாகக் கழித்துவிடும்.

புழு தின்றதிலுள்ள உலோகம் அதன் உடம்பில் தங்குவதால் துப்பும் கிடைக்கும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது பின்லாந்துக் கதை. 1970களில் அங்கே அடையாளம் தெரியாத ஒரு பெண்ணின் சடலம் கிடைத்தது. அதில் வளர்ந்த புழுக்களில் பாதரசம் குறைவு என்று கண்டார் பூச்சியியலாளர் பெக்கா நூர்தேவா. ஆகவே அந்தப் பெண் பாதரச மாசு குறைந்த பகுதியிலிருந்து வந்தவர் என்றார். பிறகு விசாரித்தால், அவர் சொன்னபடியே, மாசு குறைந்த துர்க்கு நகரத்து மாணவி!